பட்டியலில் இல்லாத காரணம்

மார்ச் 3, செவ்வாய்
அழைப்பு எடுப்பவர்கள் நிரப்பும் 'அழைப்பின் காரணம்' கட்டத்தை நான் கட்டாயமாக்கி ஒரு மாதம். வாடிக்கையாளர் மென்பொருளில் இன்று எண்ணினேன். பழுது, ஃபில்டர் மாற்றம், புகார், மற்றவை. பாதிக்கு மேல் 'மற்றவை'. குறித்துக்கொள்: கட்டாயப்படுத்தினால் கைக்கு வந்ததைத் தட்டிவிடுவார்கள்.

ஆபீஸ் மாடி அறையில் நான் மட்டும். யாருக்காவது பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டால்தான் என் போன் அடிக்கும்.

மார்ச் 4
கீழே போய்க் கேட்டேன். அழைப்பு எடுக்கும் பெண், எல்லாரிடமும் வாயாடுவாள். "அண்ணே, நீங்க போட்ட பட்டியல்ல தபால்காரருக்கு இடமே இல்ல."

ஓய்வு பெற்றவராம். எங்களிடம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கியவர். செவ்வாய்தோறும் பத்து மணிக்கு அழைப்பாராம். "மெஷின் நல்லா ஓடுதும்மா. சும்மாதான் கூப்பிட்டேன்." நான்கு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

சும்மா.

மார்ச் 6
சோதனைப் பிரதியில் முதலில் சேர்த்தேன். (ஓடுகிற அமைப்பில் நேரே கை வைக்காதே. போன வருடம் பட்டது போதும்.) ஒன்றும் உடையவில்லை. பிறகு ஓடுகிற அமைப்பிலும். ஐந்தாவது காரணம்: சும்மா. சிரித்தேன். கேட்க ஆளில்லை.

மார்ச் 8, ஞாயிறு
இன்று பேசியது: "பை வேண்டாம்." கடைக்காரரிடம்.

அக்காவை அழைத்துப் பதினொரு மாதம். சண்டையா? இல்லை. என்னவென்று சொல்லி அழைப்பது?

மார்ச் 20
மேனேஜர் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "சும்மான்னு ஒரு காரணமாய்யா? நாப்பத்தோரு பேரு இதுல!"

நாற்பத்தொன்று. தபால்காரர் ஒருவர்தான் என்றிருந்தேன்.

"இந்த நம்பரையெல்லாம் பதிவு பண்ண குரலுக்குத் திருப்பிவிடு. திங்கட்கிழமைக்குள்ள."

திருப்ப வேண்டியது நான். இரண்டு நிமிட வேலை. தபால்காரர் அந்தக் குரலிடமும் "நல்லா ஓடுதும்மா" என்பாரோ?

மார்ச் 23
வாதாடப் போகுமுன் அறிக்கை எடு. எடுத்தேன். நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் சர்வீஸ் ஒப்பந்தத்தை ஒரு வருடம்கூடப் புதுப்பிக்காமல் விட்டதில்லை.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "சரி, பேசட்டும். ஆனா பேர மாத்து. மானம் போகுது."

'நல்லுறவு அழைப்பு' என்று மாற்றினேன். திரையில் தெரிகிற பெயர் அது. உள்ளே மென்பொருள் வைத்திருக்கும் பெயர் மாறாது. அங்கே இன்னும் சும்மாதான்.

மார்ச் 24, செவ்வாய்
மாலை அக்காவை அழைத்தேன்.

"என்னடா? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

நாலைந்து காரணங்கள் வாய்வரை வந்தன. எல்லாம் 'மற்றவை'.

"சும்மாதான்க்கா."

அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கும் சத்தம்.

"இரு. அடுப்ப அணைச்சிட்டு வரேன்."

மார்ச் 31, செவ்வாய்
மாலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. யாருக்கோ பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டது என்று எடுத்தேன்.

அக்கா.