ஊசி குத்திய கடிதம்

என் வீட்டுத் தளபதிக்கு,

பதக்கம் வந்துவிட்டது. இங்கே முகாமிலேயே, எல்லார் முன்னாலும், பெரிய அதிகாரி என் சட்டையில் குத்திவிட்டார். குண்டுமழையில் மூன்று முறை ஓடி மூன்று வீரர்களைத் தூக்கிவந்தேன், நான்காம் முறை போய்ச் சமையல்காரரையும் மீட்டேன் என்று வாசித்தார்கள்.

உண்மையை உனக்கு மட்டும் சொல்கிறேன். நான்காம் முறை நான் ஓடியது, பதுங்குகுழியில் விட்டுவந்த உன் கடிதத்துக்காக. அங்கே சமையல்காரர் மூச்சோடு கிடந்தார். "எனக்காகவா சார் திரும்பி வந்தீங்க?" என்று அழுதார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடிதம் வந்து பதினாறு நாளாகியும் அதைப் பிரிக்கவில்லை. போன தடவை, குழந்தை தங்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதியதைப் படித்தவன் நான். என் தைரியம் அவ்வளவுதான்.

இன்று அந்தப் பதக்கத்தின் ஊசி, சட்டைப் பையிலிருந்த உறையையும் சேர்த்துக் குத்தியிருந்தது. கழற்றும்போது உறை கிழிந்தது. கண்ணில் பட்டது ஒரே வரி: "பொண்ணு பொறந்திருக்கா. அவ கத்துற கத்துல வார்டே தூங்கல."

நானும் கத்தினேன். பதக்கம் வாங்கிய சந்தோஷம் என்று நினைத்துச் சமையல்காரர் எல்லாருக்கும் டீ போட்டார்.

அடுத்த வாரம் வருகிறேன். பிறந்த கையோடு ஒரு உயிரைக் காப்பாற்றியவள் அவள். பதக்கத்தை அவள் தொட்டிலில்தான் மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி