தரையிலிருந்து எடுத்த லத்தி

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. இங்கே இரண்டு கால், நாலு கால் ஜீவன்கள் அத்தனையும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. குதிரைப் புழுப் பரீட்சையில் தோற்றுவிட்டேன், இந்தக் கால்நடை டாக்டர் படிப்பு எனக்கு ஒத்துவராது, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெரியம்மா அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டாள். வா, இது உன் வீடு, யார் என்ன கேட்பது. ஆனால் கிளம்புவதற்கு முன் மகாராணி கதையை முழுசாகக் கேள், போனில் நீ கேட்டது பாதிதான்.

நீ ஏறிப் பழகின அதே கிழட்டுக் குதிரைதான், விலா தெரிய இளைத்து, வயிற்று வலியில் புரண்டுகொண்டிருந்தாள். லத்தியில் புழுமுட்டை இருக்கிறது, ஆனால் பெரிய ஜாதிக்கும் சின்ன ஜாதிக்கும் முட்டை ஒரே அச்சு, பொரிய வைத்துக் குஞ்சுப்புழுவைப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. பெரிய ஜாதி என்றால் ரத்தக்குழாயையே குடைந்திருக்கும், இந்த வயசில் தேறாது, ஊசி போட்டு மேலே அனுப்பிவிடலாம் என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். லாயத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேரில் நான் மட்டும் சிங்கம்போல் முன்னால் போய், பொரிக்கிற வேலையை என்னிடம் விடுங்கள் என்றேன். முற்றத்தில் கிடந்த லத்தியில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, பெரியம்மாவின் சர்க்கரை பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்தேன். அவள், ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும் என்றாள். பாட்டிலும் அவளும் இரண்டு பேருமே இருந்தார்கள், அது என் சாமர்த்தியம்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில் திருவிழாக் கூட்டம், ஒவ்வொன்றும் மலைப்பாம்பு சைஸ். இவ்வளவு புழுவா, இது என்ன ஜாதி என்றே பிடிபடவில்லையே என்று டாக்டரம்மா நெற்றியைத் தேய்க்க, முதலாளி ஊசிக்கே நாள் குறித்துவிட்டார். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்த எடுப்பில், பெரியப்பா, தரையில கிடந்ததையா எடுத்தீங்க என்று கேட்டாய் பார், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மண்ணில் திரிகிற பொடிப்புழு ஏறியிருக்கும், அதற்குப் பாம்புக்கு இருப்பதுபோல் மேல் சட்டை கிடையாது, குதிரைப் புழுக்குஞ்சு மேலே சட்டை போட்டுச் சாட்டை மாதிரி வால் வைத்திருக்கும், குதிரை போடும்போதே சுடச்சுடப் பிடியுங்கள் என்றாய். முதலாளி காலில் விழாத குறையாக இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கினேன். பிடித்தேன், கையில் ஏந்தி, மறுபடியும் பொரிய வைத்தேன். இந்தத் தரம் புழுக்குஞ்சின் குடலுக்குள் எட்டே எட்டு அறை, பெரிய ஜாதிக்கு இன்னும் நிறைய இருக்குமாம், ஆக இது சின்ன ஜாதி! நான் வெறுங்கண்ணாலேயே எண்ணிவிட்டேன், டாக்டரம்மா மரியாதைக்காகக் கண்ணாடியில் பார்த்தார். அதற்கேற்ற மருந்து கொடுத்தாயிற்று. இன்று காலை மகாராணி தவிட்டைக் காலி பண்ணிவிட்டு என் தோள் துண்டையும் மென்றாள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். மண்ணில் திரிகிற புழுவைக் குதிரைப் புழு என்று எழுதித்தான் தோற்றாய் என்கிறாய். அம்மாடி, அப்படித் தோற்று நாலு நாள் அழுத வாய்க்குத்தானே அந்தக் கேள்வி அவ்வளவு சட்டென்று வந்தது? பாஸ் பண்ணின யாருக்கும் தோன்றவில்லையே. நான் ஐந்தாம் வகுப்பையே மூன்று வருஷம் படித்தவன், எந்தப் புரொபசர் அவ்வளவு ஆழமாகப் படித்திருப்பார்? நீ இன்னும் ஒரு தரம் படித்தால் குறைந்தா போய்விடுவாய்? அழுகை வந்தால் அழு, பசியோடு மட்டும் அழாதே.

நீ நீடூழி வாழ்ந்து, உன் கை பட்ட உயிரெல்லாம் எழுந்து நிற்கட்டும். ஒன்று மறந்தேன், அந்தச் சர்க்கரை பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவிவிட்டேன், இனிப் புழங்கலாம் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். உன் பெரியம்மாவோ, உங்க பேச்சை யாரு நம்புறது, அதப் படிக்கிற என் பொண்ணு சொல்லட்டும் என்று பாட்டிலை வாசலிலேயே வைத்திருக்கிறாள். வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது, சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
மகாராணியின் உயிர் காத்த (உன் ஒத்தாசையோடு)
உன் பெரியப்பா