பெஞ்சில் அடங்காத விரல்கள்

நவம்பர் 6
முழங்கால் இன்றும் மடங்க மறுத்தது. பதினோரு வருடம் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்த பேஸ்பால் கேட்சர், இப்போது நாற்காலியில் உட்காரவே யோசிக்கிறேன்.

மாலையில் அணியின் முதலாளி டோன்யா நுரிஸ் கூப்பிட்டார்.

"காலு போனா என்ன, வாய் இருக்குல்ல? பெஞ்சில உக்காந்து கத்து. பத்து ஆட்டம். அஞ்சு ஜெயிச்சா நீதான் மேனேஜர். இல்லேன்னா சந்தியாகோலருந்து வேற ஆள் வரும்."

மேனேஜர். நானா? நான்!

நவம்பர் 9
கேட்சர் இடம் வாந்தெலுக்கு. ஆறு வருடம் எனக்கு மாற்றாளாகப் பெஞ்சைத் தேய்த்தவன்.

"இனிமே நீ தேய், துரை," என்றான்.

எந்த வகைப் பந்து வீசுவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். இடது கையால் தொப்பி, காது, மூக்கு. தொடும் வரிசை தினமும் மாறும். அதைப் பார்த்து வாந்தெல் கால்களுக்கு நடுவே விரல் காட்டுவான், பந்து வீசும் சாகோவுக்கு மட்டும் தெரியும்படி. ஒரு விரல் வேகம், இரண்டு வளைவு.

முதல் ஆட்டம் ஜெயம். காதுக்குள் இன்னும் ரசிகர்கள் அடித்த தம்போரா மேளம்.

நவம்பர் 12
இரண்டாவதும் ஜெயம்!!

நவம்பர் 20
தொடர்ந்து நான்கு தோல்வி. என்ன பந்து வரும் என்று தெரிந்தே அடிக்கிறார்கள். வரிசையை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். எவன் அவர்களுக்குச் சொல்கிறான்? வாந்தெலா? ஆறு வருட வயிற்றெரிச்சல் — சே.

அடித்துவிடலாமா இந்த வரியை? இருக்கட்டும்.

நவம்பர் 27
ஒன்பது முடிந்தது. நாலு ஜெயம், ஐந்து தோல்வி. உடை மாற்றும் அறையில் வாந்தெலிடம் கேட்டேவிட்டேன்.

"நீதான் சொல்றியாடா?"

அறைவான் என்று நினைத்தேன். சிரித்தான். புரையேறும்வரை.

"இன்னைக்கு வெயில் கண்ணுல அடிச்சு உன் தொப்பி தெரியல. கீழே பாத்தேன். உன் வலது கைய பாருடா, மடையா!"

பார்த்தேன். என் முழங்கால்களுக்கு நடுவே, விறைத்து நீட்டிய ஒரு விரல். பதினோரு வருடப் பழக்கம். இடது கை ரகசியம் பேசப் பேச, வலது கை எதிர் பெஞ்சுக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறது. நான்தான். அத்தனையும் நான்தான்.

"கைய கட்டிப் போட்டுரலாம்," என்றான் சாகோ.

"வேணாம்," என்றேன். "கடைசியில ஒரே ஒரு பொய் சொல்ல வைப்போம்."

"அதுவரைக்கும்?" — வாந்தெல்.

"அதுவரைக்கும் நீயே முடிவு பண்ணு."



நவம்பர் 29
பத்தாவது ஆட்டம்.

எட்டு இன்னிங்ஸ் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மரத்துப்போனது. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ஒரே ஓட்டம் முன்னிலை. எதிரணியில் இருவர் அவுட், மூன்று தளங்களிலும் ஆள். அடிக்க நின்றவன் ஏற்கெனவே இரண்டு தவறவிட்டிருந்தான். இன்னும் ஒன்று தவறவிட்டால் ஆட்டம் எங்களுக்கு.

வாந்தெல் பெஞ்சைப் பார்த்தான். கையை எடுத்தேன். முழங்கால்களுக்கு நடுவே ஒரு விரல்.

எதிர் பெஞ்சில் விசில். மட்டைக்காரன் வேகத்துக்குத் தயாரானான்.

சாகோவின் பந்து வந்தது, வந்தது, வராமல் வளைந்து விழுந்தது. மட்டை காற்றை வெட்டியது!

டிசம்பர் 2
மேனேஜர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். "எந்தக் கையால போடப்போறே?" என்றார் டோன்யா நுரிஸ். ஊருக்கே தெரிந்துவிட்டது.

டிசம்பர் 4
ஜெயம். ஒன்பது இன்னிங்ஸிலும் வாந்தெல் ஒருமுறைகூடப் பெஞ்சைப் பார்க்கவில்லை. என் வலது கையில் வறுகடலைப் பொட்டலம்.