டாக்டர் செத்த செய்தி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருபத்தாறு வருஷமாக எழுதாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று முகம் சுளிக்காதே. நம் நாளிதழுக்கு ஐம்பது வயதாகிறது. மலர் போடுகிறோம். அதன் வரலாற்றை நீதான் எழுத வேண்டும். அலுவலகத்துப் பழைய இதழ்களைக் கரையான் தின்றுவிட்டது. முதல் இதழிலிருந்து எல்லாம் உன் பரணில் இருப்பதாக உன் அண்ணி சொல்கிறாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமல்லவா?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

கரையானுக்கு என் நன்றியைச் சொல். அது இல்லாவிட்டால் என் ஞாபகம் உனக்கு எங்கே வரப்போகிறது!

எழுதுகிறேன். ஆனால் ஒரு வரியும் வெட்டக்கூடாது. கை மெஷினில் நாம் இருவரும் முதல் இதழ் அடித்ததும் வரும், டாக்டர் செத்த செய்தியும் வரும். நம் ஊர் டாக்டர் நோயாளியாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். போட்டிப் பத்திரிகையை முந்த, அவர் இறந்துவிட்டதாக நீ எழுதினாய். பிழை திருத்திய நான் ப்ரூஃப் ஓரத்தில் ‘உயிரோடு இருக்கிறார், நிறுத்தவும்’ என்று எழுதினேன். நீ அதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் ‘போகட்டும்’ என்று கையெழுத்துப் போட்டாய். உன் சிவப்புக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் மெஷின் ஏறாதே!

மறுவாரம் டாக்டர் நம் அலுவலகத்துக்கே நடந்து வந்து, “நான் எத்தனை மணிக்குப்பா செத்தேன்?” என்று கேட்டார். அடுத்த நாள் முதல் பக்கத்தில், கீழ் மூலையில் எட்டு வரி போட்டாய்: பிழை திருத்துபவரின் கவனக்குறைவு, வேலையை விட்டு நீக்கிவிட்டோம். அதன்பின் எந்த அச்சகமும் என்னைச் சேர்க்கவில்லை. பெண் தருவதாகச் சொன்னவர்களும் பின்வாங்கினார்கள்.

சம்மதமா?

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

வரலாறு பிரமாதம்! படித்துவிட்டு உன் அண்ணி அழுதாள். வெட்டமாட்டேன் என்று போனில் வாக்குக் கொடுத்தேன்தான். ஆனால் டாக்டர் பத்தியை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. அவரே போய்ச் சேர்ந்துவிட்டார், இனி ஊர் சிரிக்க என் மானம் போக வேண்டுமா? வீட்டுச் சண்டை வீட்டோடு இருக்கட்டும். பதினைந்தாம் தேதி விழா. மேடையில் உனக்கு நாற்காலி போடுகிறேன். அந்தப் ப்ரூஃப் தாள் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 13

அண்ணனுக்கு,

வெட்டாமல் விட்டிருந்தால் அந்தத் தாளை மேடையிலேயே உன் கையில் கொடுத்து உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று தாளைப் போட்டிப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். உன் விழா நாள் காலையில் படத்தோடு வரும். முதல் பக்கம், கீழ் மூலை, எட்டே வரி. வயிறு எரிகிறதா? எரியட்டும். எனக்கு இருபத்தாறு வருஷம் எரிந்தது. என் நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதே. காலியாகக் கிடந்தால்தான் யாருக்கு என்று நாலு பேர் கேட்பார்கள்.

அந்த எட்டு வரிக்கும் ப்ரூஃப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பிழையும் இல்லை. அடியில் ‘போகட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சிவப்பு மையில்.

தம்பி