தாத்தாவின் பதக்கம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதுவது நானேதான். பேத்தி எழுதித் தந்தாள் என்று நினைக்காதே. கோணல் எல்லாம் என் சொந்தக் கோணல். டயர் கடை மாடியில் முதியோர் வகுப்பு நடக்கிறது. ஐம்பது வருடம் குழாய் முறுக்கிய கை, பென்சிலையும் முறுக்கிவிடுகிறது. மூன்று உடைந்தது. "ஐயா, அது ஒழுகாது, மெதுவாப் பிடிங்க" என்கிறாள் டீச்சர்.

கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். தீப்பெட்டி, பஸ், பல்பொடி. டாக்டர் எழுத்து மட்டும் இன்னும் வரவில்லை. நேற்று சுவரிலிருந்து தாத்தாவின் பித்தளைப் பதக்கத்தை இறக்கினேன். அப்பா சிவப்பு நாடாவில் கட்டி மாட்டியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போது தொட்டுவிட்டுப் போவது. "சிறந்த உழைப்பாளி" என்று போட்டிருப்பதாக நீதானே படித்துச் சொன்னாய்? களிம்பேறி இத்தனை வருடம் யார் கண்ணுக்கும் எழுத்தே தெரியாமல் கிடந்ததைத் துடைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன்.

"சுரங்கத்து ஆள். எண் 412. வெளியே கண்டால் பிடித்து ஒப்படைக்கவும்."

நான்கு முறை படித்தேன். டீச்சரிடம் காட்டினேன். சரியாகத்தான் படித்திருக்கிறேனாம்.

அக்கா, தாத்தா என்னவாக இருந்தார்? இதைக் கழுத்தில் மாட்டினார்களா, கையிலா? ஓடினாரா? பேரன், தான் கட்டுகிற புது வீட்டு வாசலில் பதிக்க இதைக் கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

உன் தம்பி

மார்ச் 14

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் எழுத்து என் எழுத்தைவிட அழகு. கொஞ்சம் பொறாமைதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, உனக்கு மூன்று. வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். தாத்தா கண்மூடிய மறுநாள் அவர் பெட்டியிலிருந்து அதை எடுத்து, "பரிசு மாதிரி இருக்கே, என்னம்மா போட்டிருக்கு?" என்றார் அப்பா. மனதுக்குள் படித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்துக்குத் தகுந்த மாதிரி வாசித்தேன். அன்றைக்கே நாடா வாங்கி வந்துவிட்டார்.

அதன்பின் உன் வீட்டில் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கவனித்ததில்லை.

நாய்க்குக் கட்டுகிற தகட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பேரனிடம் சொல்லாதே. பிள்ளை தலை நிமிர்ந்து இருக்கட்டும். கோபமென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. ஒன்பது வயதில் உனக்கு இருந்த யோசனை எனக்கு எழுபத்திரண்டிலும் இல்லை.

பேரனிடம் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "பிடிச்சு ஒப்படைச்சிருந்தா இது சுரங்கக்காரங்ககிட்டதானே இருக்கும்? நம்ம வீட்டுப் பெட்டிக்கு எப்படி வந்துச்சு?" என்றான்.

அக்கா, எனக்கு அது தோன்றவே இல்லை. ஓடித்தான் இருக்கிறார். ஓடியவர் வழியில் எறியாமல் ஏன் வைத்திருந்தார்? யாருக்குக் காட்ட? நீயும் யோசித்து வை.

வாசலில்தான் பதிக்கிறான். எழுத்து தெரிகிற மாதிரி, நாடா இல்லாமல்.

வீடு முடிந்ததும் நீ வர வேண்டும். அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவள் நீ; பிள்ளைகளுக்கும் நீயே வாசித்துக் காட்டு. நடுவில் தடுமாறினால் நான் பக்கத்தில்தான் நிற்பேன், எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் தம்பி