சக்கரத்தில் என் நம்பர்

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்கிற்குப் புதுப் பெட்டி வந்திருக்கிறது. கைப்பிடி ஒன்றுதான், காது பார்க்க ஒரு தலை, கண்ணுக்குள் பார்க்க ஒரு தலை. பெரிய டாக்டர் என்னிடம் நீட்டினார். "உங்களுக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே."

காது சரி. கண்? பதினான்கு வருடப் பொய். கல்லூரியில் வரிசையாக நின்று எல்லோரும் "தெரியுது சார்" என்றார்கள். நானும் கூட்டத்தோடு கோவிந்தா போட்டேன். தெரிந்ததெல்லாம் சிவப்பு மூட்டம். இன்றுவரை அதேதான்.

மார்ச் 6

கணவரை உட்காரவைத்துப் பார்த்தேன். மூக்கோடு மூக்கு இடித்ததுதான் மிச்சம். "கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு கிட்ட வந்து பார்த்ததில்லையே" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தெரிந்தது! தெரிந்தது!

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன். என் பவர் மைனஸ் ஐந்து. கருவியின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை என் நம்பருக்குத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்! அன்று கல்லூரியில் எனக்கு முன்னால் நின்றவன் சக்கரத்தை விட்ட இடத்திலேயே நானும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன், மடச்சி. இன்று திருப்பினேன். கண்ணின் உள்ளே நரம்பு வந்து சேரும் வட்டம், வெளிர் மஞ்சளாக, ஓரம் பென்சிலால் வரைந்த மாதிரி. கத்திவிட்டேன். "எனக்கு என்னடி ஆச்சு?" என்று எதிரே உட்கார்ந்திருந்த கணவர் பதறிப்போனார்.

மார்ச் 17

தையல்காரம்மா மூன்றாவது முறையாக வந்தார். ஒரு மாதமாகத் தலைவலி. இரண்டு முறையும் பெரிய டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். "குனிஞ்சு எழுந்தா ஒரு நொடி எல்லாம் இருட்டிடுது டாக்டரம்மா. ஊசியில நூல் கோர்க்க முடியலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வட்டத்துக்கு ஓரமே இல்லை. கலங்கிக் கிடக்கிறது. மங்கல் அவங்க கண்ணுலயா, என் பார்வையிலயா? பதினாலு வருஷப் பொய்க்காரிய யார் நம்புவா? நானே நம்பல.

சக்கரத்தைத் தொடாமல் நர்ஸைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் கண்ணில் ஓரம் பளிச்சென்று இருந்தது. அப்படியென்றால் தையல்காரம்மாவுக்கு அந்த நரம்பில் வீக்கம்தான். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. விட்டால் பார்வை போய்விடும்.

பெரிய டாக்டரிடம் ஓடினேன். வந்து கருவியை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? ஓரமெல்லாம் தெளிவா தெரியுது."

சக்கரம் என் மைனஸ் ஐந்திலேயே நின்றது. அவருக்குப் படிக்க மட்டும்தான் கண்ணாடி. என் நம்பரில் அந்த அறுபது வயதுக் கண்ணுக்கு வெறும் மூட்டம்தான் தெரிந்திருக்கும். அந்தப் பொய் எனக்கு மனப்பாடம்.

"நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன் சார். தப்புன்னா என் தலையில போடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 18

ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 19

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கண் டாக்டரே ஃபோன் செய்தார்! "வீக்கம்தான். சரியான நேரத்துல அனுப்பினீங்க, பார்வையைக் காப்பாத்திடலாம்."

வராந்தாவில் ஒரு சுற்று ஓடினேன். நர்ஸ் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்!

மே 2

தையல்காரம்மா வந்து என் மேசையிலேயே ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினார். ஒரே முயற்சியில்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் கூட்டம் குறைந்ததும் பெரிய டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் அந்தக் கருவி. "நான் முப்பத்தஞ்சு வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"இந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம்மா திருப்பணும்?"