ரொஸிக்கு இரத்தம்

1998 மே 12, செவ்வாய்

வெசாக் லீவு முடிந்து இன்றைக்குத்தான் புறக்கோட்டை திறந்தது. ஷட்டரைத் தூக்கி விளக்குக் கொளுத்த முந்தியே டெலிபோன் அடித்தது. லேஸ் கேட்கிற தையல்காரராக்கும் என்று எடுத்தேன். டொக்டர் ஹெக்டர். ஹெவ்லொக் டவுனில் நாய், பூனைக்கு மருந்து கட்டுகிறவர். போன வருஷம் என் நாய் கப்டனைச் சாவின் வாயிலிருந்து இழுத்தெடுத்தவர்.

கப்டனுக்கு வந்த அதே இரத்த வருத்தம் வெள்ளவத்தையில் இன்னொரு நாய்க்காம். சொந்தக்காரர் வயசானவர், தனி ஆள். போய்க் கதைக்க ஏலுமோ என்று கேட்டார்.

இதோடு மூன்றாவது வீடு. டொக்டர் இங்கிலீசில் ஐந்து நிமிஷம் விளங்கப்படுத்துவார், சனம் தலையாட்டும், வீட்டுக்குப் போய் அழும். பிறகு நான் போகவேணும். எனக்கு ஆரும் இப்படி வந்து சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் போகிறேன், இரக்கத்தில் இல்லை.

1998 மே 13, புதன்

பெயர் சிவபாதசுந்தரம். தெமட்டகொடை ரயில்வே கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் மேல்மாடி. மனுசி செத்து நாலு வருஷம், மகள் கனடாவில். நாய் ஒரு வெள்ளைப் பொமேரியன், ரொஸி. சாக்கில் சுருண்டு கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்முரசு பால் நிறம்.

விஷயத்தை நான் எப்போதும் கடைக்கணக்கில்தான் சொல்வது. கடைக்குக் காவலுக்கு வைத்தவனே பூட்டை உடைக்கிறான். வெளியால் கள்ளன் வரவில்லை. உடம்பு தன் இரத்தத்தையே பகையென்று நினைத்து அழிக்கிறது. டொக்டர் தருகிற குளிசை அந்தக் காவல்காரனை அடக்கத்தான்.

"பிள்ளை, இது தப்புமோ?" என்று கேட்டார்.

"அரைவாசிச் சான்ஸ், ஐயா. கூட்டிச் சொல்லமாட்டன்."

பிறகு வரப்போகிறதெல்லாம் சொன்னேன். வாளி வாளியாய்த் தண்ணி குடிக்கும், வீடெல்லாம் மூத்திரம் பெய்யும், பசியில் பாத்திரத்தையே கடிக்கும், இரவில் இளைக்கும். எல்லாம் குளிசை செய்கிற வேலை, பயப்பட வேண்டாம். நாய் எழும்பி ஆடினாலும் டொக்டர் சொல்லாமல் ஒரு குளிசையும் நிப்பாட்டக் கூடாது.

கீழ்வீட்டு மயிலம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. ஐயாவுக்குச் சாப்பாடு அனுப்புகிறவ. நாய்க்கு என்ன குடுக்கலாம் என்று கேட்டா. நேரம் போய்விட்டது, சத்தானதாய்க் குடுங்கோ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

1998 மே 15, வெள்ளி

தம்பி சிவபாலன் தெகிவளையிலிருந்து கதைத்தான். வன்னியில் சனம் மருந்தில்லாமல் சாகுது, உனக்கு நாய்க்கு வைத்தியமோ, கேட்கிறவை சிரிக்கினம் என்றான்.

நான் வன்னிச் சனத்துக்கு என்ன செய்தேன், செய்யவில்லை என்பதை இந்தக் கொப்பியில் எழுதமாட்டேன். வீடு சோதிக்க வருகிறவர்களிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "ரொஸியைச் சாக விட்டால் அந்த மருந்து வன்னிக்குப் போகுமோ? போகுமெண்டால் சொல்லு, இண்டைக்கே நிப்பாட்டுறன்."

ஃபோனை வைத்துவிட்டான். இந்த யுத்தம் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போகுது. ஒரு நாயைக் கூடக் கேளாமல் எடுக்க நான் விடமாட்டன். அவ்வளவுதான் என்ர நியாயம். பெரிய நியாயம் ஒன்றும் இல்லை.

1998 மே 18, திங்கள்

ரொஸியின் இரத்த அளவு பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. நாற்பதுக்குக் கிட்ட இருக்கவேணும். குளிசை பிடிக்கிறதுக்குள் நாய் போய்விடும், வேறொரு நாயின் இரத்தம் ஏற்றவேணும் என்கிறார் டொக்டர். கப்டனிடம் எடுக்க ஏலாது. இந்த வருத்தம் வந்த நாயின் இரத்தம் இன்னொன்றுக்கு ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரே பெரிய நாய் கொட்டாஞ்சேனை ஐறீனின் டியூக். அல்சேஷன். ஆனால் ஐறீனிடம் எப்படிக் கேட்பது? போன ஒக்டோபரில் அவளுடைய பொனி இதே வருத்தத்தில்தான் போனது. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். பொனி கிடந்த அந்த மேசையைத் திரும்பப் பார்க்க ஏலாது அக்கா என்றாள். சரி என்று எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை. பட்டன் விற்கிறவளுக்கு முதல் "இல்லை"யோடு எழும்பிப் பழக்கமில்லை. தேத்தண்ணி ஊத்தச் சொல்லிவிட்டு இருந்தேன். இரண்டாவது கோப்பையில், எத்தனை மணிக்கு வரவேணும் என்று அவளே கேட்டாள்.

1998 மே 19, செவ்வாய்

ஸாலிஹ் நானாவின் துணி ஏற்றுகிற வானைக் கேட்டு எடுத்தேன். எனக்குப் பக்கத்துக் கடைக்காரர். அவருடைய துணிக்கட்டுகளுக்கு மேல் டியூக் ராசா மாதிரி. செக்பொயின்றில் மறித்தார்கள். துவக்கோடு எட்டிப் பார்த்த ஆமிப் பெடியன் டியூக்கைக் கண்டதும் இரண்டடி பின்னுக்குப் போனான். எங்களுடைய ஐடென்டி கார்டைக் கேட்க மறந்தே போனான். கொழும்பில் தமிழருக்கு எல்லாம் ஒவ்வொரு அல்சேஷன் குடுக்கவேணும்.

டொக்டரின் மேசையில் டியூக் அசையாமல் கிடந்து இரத்தம் கொடுத்தது. ஐறீன் அதன் காதைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயா மெதுவாய்க் கேட்டார், மகளே, உங்கட மற்ற நாய்க்கும் இதுதானாமே, அது சுகப்பட்டதோ என்று. அதன் முடிவை நான் ஐயாவுக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"இல்ல அங்கிள், செத்துப் போச்சு," என்றாள் ஐறீன். "ஆனா நான் விட்டுட்டேன்னு அது நினைச்சிருக்காது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஐயா வெளிக்கிடும்போது டியூக்குக்குக் கைகூப்பினார். நாய்க்கு!

1998 மே 26, செவ்வாய்

இருபத்துநாலு. முரசு இளஞ்சிவப்பு. ரொஸி தானாய் எழும்பி என் செருப்பை மணந்தது.

இன்றைக்கு நான்தான் மாட்டினேன். ஒரு மாதத்துக்குப் போதுமான குளிசையை ஒரேயடியாய் வாங்கிக்கொண்டு வந்தேன், மொத்தமாய் வாங்குவது என் பழக்கம். செக்பொயின்றில் பையைக் கொட்டினார்கள். ஒரு தமிழ்ப் பொம்பிளை, இவ்வளவு மருந்து. எங்கே அனுப்பப் போகிறாய் என்று சார்ஜன்ட் கேட்டான். பல்லாட்ட என்றேன் சிங்களத்தில், நாய்க்கு என்று. அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிப்பாட்டிவிட்டு உள்ளே வரச் சொன்னான்.

ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். பயம் இருந்தது, இல்லையென்று எழுதினால் பொய். ஆனால் எண்பத்து மூன்று கலவரத்தில் என் கடை எரிகிறபோது தெருவில் நின்று பார்த்தவள் நான். சிங்களத்தில் சொன்னேன்: சேர், டொக்டர் ஹெக்டருக்கு ஃபோன் எடுங்கோ. நாய் இல்லையென்று அவர் சொன்னால் என்னைப் பிடியுங்கோ. நாய் இருக்குதென்று சொன்னால் குளிசையை எண்ணித் திருப்பித் தாருங்கோ, ஒன்றும் குறையக் கூடாது.

எடுத்தான். தந்தான். எண்ணித்தான் வாங்கினேன்.

இனிக் கிழமைக்குக் கிழமை கொஞ்சமாய் வாங்கவேணும். மற்ற வீட்டுக்காரருக்கும் சொல்லவேணும்.

1998 ஜூன் 2, செவ்வாய்

பதினெட்டு. ஏன்?

1998 ஜூன் 4, வியாழன்

பதின்மூன்று. குளிசை ஒன்றும் தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிறுநீரகம் மாற்றின மனிதருக்குக் கொடுக்கிற இரண்டாவது மருந்தும் போகுது. டியூக்கிடம் இவ்வளவு கெதியாய்த் திரும்ப இரத்தம் எடுக்க ஏலாதாம். மருந்து கேட்கவில்லைப் போல, இனி நாயை நோகப்பண்ண வேண்டாம் என்றார் டொக்டர். நாளைக்குப் பின்னேரம் ஊசி போட்டு ஒரேயடியாய் நித்திரையாக்கி விடலாமாம்.

ஐயா உடனே ஓம் என்றுவிட்டார். எனக்கு அதுதான் ஆத்திரம். மகளின் கனடா ஸ்பொன்சர் சரிவந்திட்டுதாம், எல்லாம் ஒரு முடிவுக்கு வரட்டும் பிள்ளை என்றார். முடிவென்று ரொஸியைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா?

தெரியாது. இரண்டுக்கும் நான் ஓம் சொல்லவில்லை.

1998 ஜூன் 5, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காய் எழுதவேணும்.

மூன்று மணிக்குப் போனேன். ஐயா திருநீறு பூசி, வேட்டி மாற்றி, ரொஸியைத் துவாயில் சுற்றி வைத்திருந்தார். வாங்கி நெஞ்சோடு அணைத்தேன். நாய் என் முகத்துக்கு நேரே மூச்சு விட்டது.

உள்ளிப்பூடு. மிளகு. வேர்க்கொம்புச் சுக்கு. எனக்கு இந்த மணம் தெரியும். அக்கா பிள்ளை பெற்றுக் கிடந்தபோது வீடு முழுக்க இந்த மணம்தான். பிள்ளை பெற்றவளுக்குக் குடுக்கிற சரக்குக் கறி. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற, பெண்டாட்டி செத்த மனிசன்ர வீட்டில பிள்ளைப்பெறு மணமோ?

ஐயாவைக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, மயிலம்மாதானே காலமையும் பின்னேரமும் வந்து சாப்பாடு தீத்திறவ என்றார். நாயோடேயே கீழே இறங்கினேன்.

அடுப்பில் சட்டி. மயிலம்மா ஒளிக்கவே இல்லை. பெருமையாய்த் திறந்து காட்டினா. சின்ன வெங்காயம், உரித்த உள்ளி கைநிறைய, சரக்குத்தூள். இரத்தம் ஏற்றி நாய் தின்னத் தொடங்கினதிலிருந்து, பதினைந்து நாளாய், வேளைக்கு வேளை.

"எத்தினை பொம்பிளையளுக்கு இந்தக் கையால சரக்கு அரைச்சிருப்பன், தங்கச்சி. ஒருத்தியும் சாகேல்லை. இரத்தம் ஊறும்."

"அவளவை மனுசர் அக்கா. நாய்க்கு வெங்காயமும் உள்ளியும் இரத்தத்தை உடைக்கும். ஏற்றின இரத்தத்தை நீங்கள் கரைச்சுக்கொண்டிருக்கிறியள்."

கத்தித்தான் சொன்னேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அவ சட்டியை மூடினா. குசினி வாசற்படியில் இருந்தா.

"அப்ப நானோ இதைச் சாக்காட்டினது?"

அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. சத்தானதாய்க் குடுங்கோ என்று சொன்னது ஆர்? என் கப்டன் பாணும் இறைச்சியும் தின்கிற நாய், உள்ளியைக் கண்டதேயில்லை. அதால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. தமிழ் வீட்டில் வருத்தக்காரருக்குப் பத்தியம் சமைப்பார்கள் என்று தமிழச்சி எனக்குத் தெரியாதோ?

"இன்னும் சாகேல்லை," என்றேன். "எழும்புங்கோ. கோழி ஈரலும் சோறும் அவியுங்கோ. தூளும் வேண்டாம், உப்பும் வேண்டாம்."

ஐயா படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "டொக்டர் காத்துக்கொண்டிருப்பார் பிள்ளை. நான் களைச்சுப் போனன்."

"நீங்கள் களைக்கலாம் ஐயா. உங்களுக்கு வயசிருக்கு. ரொஸியை நான் கொண்டுபோறன்."

டொக்டரிடம் ஊசிக்குப் போகவேண்டிய நாயைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். இரத்தத்தைக் கண்ணாடிக்கடியில் பார்த்துவிட்டு, உள்ளி உடைத்த அடையாளம் இருக்குது என்றார். நானும் கேட்டிருக்கவேணும் என்றார். ஒரு கிழமை தருகிறேன், இது கீழே போனால் பிறகு நீ என்னோடு சண்டை பிடிக்கக் கூடாது என்றார்.

பிடிப்பன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

1998 ஜூன் 6, சனி

கப்டனுக்கு ரொஸி வந்தது பிடிக்கவில்லை. என் சீலையில் இரண்டு தரம் மூத்திரம். மயிலம்மா பஸ் ஏறி ஈரல் கொண்டுவந்தா. மூடியைத் திறந்து, மணந்து பாருங்கோ என்று என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தா.

1998 ஜூன் 8, திங்கள்

பதின்மூன்று. இறங்கவில்லை.

1998 ஜூன் 9, செவ்வாய்

இன்றைக்கு ஐயா வந்தார். நாயைப் பார்க்க வரவில்லையாம், குடையை விட்டுவிட்டாராம். குடை அவர் கையிலேயே இருந்தது. ரொஸி அவருடைய குரலுக்குத் தலையைத் தூக்கியது. அதோடு மனிசன் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் தேத்தண்ணி போட உள்ளுக்குப் போய்விட்டேன். அழுகிற ஆம்பிளையைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியாது.

போகும்போது கேட்டார், எத்தனை மணிக்கு எந்தக் குளிசை என்று.

1998 ஜூன் 12, வெள்ளி

பதினேழு. டொக்டர் திரும்பவும் ஒருதரம் சோதித்துப் பார்த்தார்.

1998 ஜூன் 19, வெள்ளி

இருபத்தாறு, அதுவும் ஆருடைய இரத்தமும் ஏற்றாமல். எல்லாம் அதன் சொந்த இரத்தம். ரொஸி வீட்டுக்குப் போய்விட்டது. ஐயா தூக்க, மயிலம்மா குடை பிடிக்க, ஏதோ கலியாண ஊர்வலம்.

தம்பி கேட்டான், உன்ர நாய்க்கூட்டம் என்ன பாடு என்று. நல்லாயிருக்கினம், உன்னை விசாரிச்சவை என்றேன்.

1998 ஜூலை 21, செவ்வாய்

விடியப்புறம் ஐயாவின் ஒழுங்கை முழுக்கச் சுற்றிவளைப்பு. ஐயாவையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்களாம். மத்தியானம்தான் விட்டார்கள். நான் ஓடிப்போனபோது மயிலம்மா சொன்னா, எட்டு மணிக் குளிசையை எட்டு மணிக்கே குடுத்திட்டன் தங்கச்சி, ஐயா ஜீப்பில ஏறேக்க சொன்னது அது ஒண்டுதான்.

1998 செப்ரெம்பர் 8, செவ்வாய்

முப்பத்தெட்டு. குளிசை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், அதிலும் பாதி. இப்படியே நின்றால் தைப்பொங்கலுக்கு முழுதாய் நிப்பாட்டலாமாம். திரும்ப வராது என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் அப்படி எங்கேயும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஐயா கனடாப் பயணத்துக்குத் தவணை போட்டுவிட்டார். குளிசை முடியட்டும், பிறகு வாறதை யோசிப்பம் என்று மகளுக்குச் சொன்னாராம். மகள் ஏசினாளாம். ஏசட்டும்.

டொக்டரின் வாசலில் காத்திருந்தோம். ஒரு இளம்பெண் பிரம்புக் கூடையோடு வந்தாள். நஸீறா என்று பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போய் வந்தபோது முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள் பூனை, காது மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பூனைக்கும் வரும், ஆனால் குறைவு.

எழும்புவோம் என்று பையை எடுத்தேன். எனக்கு முதல் ஐயா எழும்பிவிட்டார். ரொஸியின் கயிற்றை என் கையில் தந்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு வாங்கில் இருந்தார். என்ன சொன்னாரென்று எல்லாம் எனக்குக் கேட்கவில்லை. "வீட்டில சமையல் ஆர் மகள்?" என்று கேட்டது மட்டும் கேட்டது.

அவள் பதில் சொல்லத் தொடங்கவும் ரொஸி பூனையைக் கண்டுவிட்டது. அப்படியொரு குலைப்பு. கயிறு என் கையை அறுத்தது. வாங்கிலிருந்த நாய்களெல்லாம் சேர்ந்துகொண்டன. டொக்டர் கதவைத் திறந்து, பாலேஸ்வரி, அந்த நாயை வெளியே கொண்டுபோ, உள்ளே ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

"உங்கட மருந்தில வந்த சத்தம்தான் டொக்டர்," என்றேன். "பொறுத்துக்கொள்ளுங்கோ."

கொண்டுபோகவில்லை.